இடப்பக்கம் சாயும் துளைகள்

மூன்று கால் ஸ்டாண்டை விரித்து நிறுத்தினால், எங்கள் பக்கத்தில் அதை ஓவியம் வரைகிற சாமான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நிலம் அளக்க வந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதும், ரோட்டை அகலமாக்குவதும், மின்கோபுரம் நடுவதும் ஓயாத வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆள் மூன்று கால் ஸ்டாண்டோடு வந்து நிற்பார். பிறகுதான் நோட்டீஸ் வரும்.

குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பாறைக் குன்று இருக்கிறது. அதன் எதிரில் நான் முதன்முதலாக ஸ்டாண்டை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மாந்தோப்பிலிருந்து நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்கள்.

"மேடம், எந்த ஆபீசு நீங்க? எங்க தோட்டம் வருதா வரலியா, அத மட்டும் சொல்லிட்டு அளங்க."

"அளக்கலிங்க. குன்ற வரையறேன்."

நம்பவில்லை. பலகையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அப்போது அதில் காவிப் பூச்சு மட்டும்தான் இருந்தது. ஒருவர் தெலுங்கில் இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். அளக்கிறவர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். எனக்கும் தெலுங்கு புரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து பலகையில் குன்று எழுந்து வந்த பிறகுதான் முகம் தளர்ந்தார்கள்.

"கல்ல எதுக்கு மேடம் வரையறீங்க? தோப்ப வரைஞ்சா பாக்க லட்சணமா இருக்குமே."

அடுத்த வாரத்திலிருந்து அவர்களில் யாராவது ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

நான் ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கோணல் என்றால் எனக்கு ஆகாது. பிள்ளைகள் நோட்டில் போடும் மார்ஜின் கோணினால் அழித்துப் போடச் சொல்வேன். டாக்டர் வீட்டுக்குப் போனாலும் அங்கே சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரை எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவேன். "உன் முன்னால நேரா நிக்கறதுக்கே மனுசனுக்கு ஒரு ஸ்கேல் வேணும்" என்பார் என் கணவர். ஷிப்ட் வேலைக்குப் போகிற மனிதர். வீட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார ஆசைப்படுகிறவர்.

பாறையை வரைய வேண்டுமென்றால் பாலைவனத்துக்குப் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிநாட்டுப் பாலைவனங்களில் செம்பாறைத் தூண்களையும் வளைவுகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படங்களை நானும் புத்தகங்களில் பார்த்து ஏங்கியிருக்கிறேன். பிறகு ஒரு சித்திரை மாதம் பஸ்ஸில் போகும்போது எங்கள் குன்றுகளையே நிமிர்ந்து பார்த்தேன். ஒரு புல் கிடையாது. யானை அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. அடியில் ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. நாம் போவதற்குப் பதில் பாலைவனமே நம்மிடம் வந்திருக்கிறது, பிறகு என்ன என்று தோன்றியது.

பாறை சாம்பல் நிறம் என்பார்கள். சொல்கிறவர்கள் பாறையை உட்கார்ந்து பார்க்காதவர்கள். காலை ஏழு மணிக்கு அதில் இளஞ்சிவப்பு இருக்கும். பத்து மணிக்கு நிழலுக்குள் கத்தரிப்பூ நிறம் வரும். மழைநீர் வழிந்த தடங்கள் கறுப்பாகத் தெரிந்தாலும் கறுப்பு டியூபைத் தொட்டால் படம் செத்துவிடும். அடர்நீலத்தையும் காவியையும் குழைத்துத்தான் போட வேண்டும்.

வெளியே போகும்போது சிலேட்டு அளவு ஹார்ட்போர்டு பலகைகள்தான் எடுத்துப்போவேன். நிழல் இரண்டு மணி நேரத்தில் நகர்ந்துவிடும். அதற்குள் முடிகிற அளவு அது. எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. ஈரப் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மூலைகளில் தீக்குச்சித் துண்டு வைத்துப் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டரில் ஓசூருக்குக் கொண்டுவருவேன். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதுதான் என் ஸ்டூடியோ. அங்கே சின்னப் பலகையைப் பார்த்துப் பெரிய கேன்வாஸில் வரைவேன். பெரியது முடிந்ததும் சின்னதைக் கத்தியால் சுரண்டி, காவி பூசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்துவிடுவேன். சிக்கனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தச் சிக்கனம் ஒரு நாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குன்றுக்கு இரண்டு முகம். கிழக்கு முகத்தில் யாரும் கை வைத்ததில்லை. மேற்கு முகம் முழுக்கக் கல்குவாரி. அங்கேதான் என் தம்பி பதினாறு வருஷம் துளை போட்டான். ஜாக்ஹாமர் என்ற காற்றுக் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, உடம்பெல்லாம் அதிர, பாறையின் தலையில் வரிசையாகத் துளைகளை இறக்குவான். அந்த வரிசை நெடுக ஆப்பு அடித்தால் ஒரு வீடு அளவுக் கல் பிளந்து விலகும். மிச்சம் நிற்கிற பாறையில் ஒவ்வொரு துளையிலும் பாதி தங்கிவிடும். மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தியது போல அந்தச் சுவர் இருக்கும். துளையிலிருந்து எழும் வெள்ளைத் தூசுக்கு எதிராக அவனிடம் இருந்தது மூக்கைச் சுற்றிக் கட்டிய ஒரு துண்டு மட்டும்தான்.

நாற்பத்திரண்டு வயதில் அந்தத் தூசு நுரையீரலில் உறைந்துபோயிற்று. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் கடைசி ஒரு வருஷம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். உட்கார்ந்தபடியேதான் போனான்.

அதனால் நான் மேற்கே போகவே இல்லை. கிழக்கு முகத்தின் எதிரில் உட்கார்ந்து, குவாரி என்ற ஒன்றே இல்லாத குன்றாக அதைத் திரும்பத் திரும்ப வரைந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவுப் பாறையில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தோம். அவன் என் முறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். வந்த கோபத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். உருண்டுபோய் அடியில் இருந்த கல்லில் விழுந்தான். இடது பக்கக் காறை எலும்பு முறிந்தது. அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "வழுக்கிட்டம்மா." நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பக்கத்து ஊரில் மூங்கில் பத்தை வைத்து எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிப்போனார்கள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அவனுடைய இடது தோள் கடைசிவரை இரண்டு விரற்கடை இறங்கியே இருந்தது. அதனால் அவன் எதைச் செய்தாலும் அது இடப்பக்கம் சாயும். வேலிக்கு நட்ட குச்சி சாயும், அடித்த ஆணி சாயும். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவன் செத்து ஒரு வருஷம் ஆனது. திதி முடிந்த மறுநாள், நன்றாகக் காய்ந்திருந்த கிழக்கு முகப் படம் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வீடு என்பது குருபரப்பள்ளியில் வாடகைக்கு இருந்த ஓர் அறையும் சமையல்கட்டும். தம்பி மனைவி மட்டும் இருந்தாள். பிள்ளைகள் கிடையாது. அவனால் வேலைக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். விடிகாலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதிகம் பேசாதவள். பேசினால் அளந்துதான் பேசுவாள்.

படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குதுக்கா. ஆனா இது அவுரு வேல செஞ்ச பக்கம் இல்லியே."

"அந்தப் பக்கம் எதுக்கு உனக்கு? அதுதான அவனக் கொன்னுது."

"கொன்னுதுதான்," என்றாள். "ஆனா அவுரு செஞ்சதும் அதுதானக்கா."

அவளே தொடர்ந்தாள்.

"இந்த வூடு வாடக. ஒரு குழி நெலம் இல்ல. கொழந்தயும் இல்ல. அவுரு கையால செஞ்சதுன்னு இந்த ஒலகத்துல இருக்கறது அந்த ஓட்டைங்க மட்டுந்தான். இப்ப குவாரியயும் மூடிட்டாங்க. ஒவ்வொரு மழைக்கும் தண்ணி ஏறிக்கிட்டே வருது. அவுரு கடசியா போட்ட வரிச அடியில இருக்குது. இந்த ஐப்பசி மழ பேஞ்சா முழுகிடும். அப்புறம் யாரும் பாக்க முடியாது. போன்ல போட்டோ புடிச்சா வெறும் வெள்ளையாத் தெரியுது. அதான் நீங்க வரையுவீங்கன்னு நெனச்சேன்."

"என்னால முடியாது," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் இலை போட்டு வைத்திருந்தாள். சாப்பிடாமலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். துக்க வீட்டில் சோற்றை உதறிவிட்டு வருகிற திமிர் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சூளகிரி தாண்டுவதற்குள் வெட்கமாகிவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை.

அதன் பிறகு கிழக்கு முகமும் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் ஸ்டாண்டை நிறுத்துவேன். தூரிகை பலகைக்குப் போகாது. அழகாக இருக்கிறது என்று நான் நம்பிய அந்த முகம், பின்னால் ஒருவனை மறைத்துக்கொண்டு நிற்பதாகப் பட்டது. ஆடி போய் ஆவணி வந்தது. ஆவணியும் பாதி போனது. ஒரு நாள் கணவர் கேட்டார்: "தண்ணி யாருக்காகவும் நிக்காது. நீ எதுக்காக நின்னுக்கிட்டிருக்கிற?" மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேற்கே போனேன்.

எந்த வரிசை தம்பியுடையது என்று எனக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்கு அவனோடு வேலை செய்த ஒருவரைக் கேட்டேன். குவாரியில் ஜாக்ஹாமருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டிருந்தவர்; குவாரி மூடியதும் மெயின் ரோட்டில் டீக்கடை போட்டுவிட்டார். தங்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழியை மட்டுமே அறிந்த அந்த முஸ்லிம் மனிதர், தம்பி இறந்த அன்று எங்கள் சுடுகாட்டில் கடைசிவரை நின்றார் என்று என் கணவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். குவாரியின் விளிம்பில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று இருமினார். நான் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அது எனக்குத் தெரிந்த இருமல்.

கீழே பச்சைத் தண்ணீர். அதற்கு மேல் படிப்படியாக வெட்டுச் சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் துளை வரிசைகள்.

"மேல இருக்கறதெல்லாம் பல பேரு போட்டதுக்கா. அதோ, தண்ணிய ஒட்டி நிக்குதே, அதுதான் உங்க தம்பி கடசியா போட்ட வரிச. தனியாளா போட்டான்."

"எப்படித் தெரியும்?"

"ஆளோட கையெழுத்து தெரியாதாக்கா? மத்தவங்க குச்சி வச்சு அளந்து போடுவாங்க. அவன் சாண் வச்சு சாண் வச்சுப் போவான். மேஸ்திரி திட்டுவாரு. கல்லு மட்டும் எங்க பொளக்கணுமோ அங்கதான் பொளக்கும்."

அவர் கடைக்குத் திரும்பிவிட்டார். நான் எதிர்ப்பக்கத்து மேட்டில் ஸ்டாண்டை நிறுத்தினேன். அந்த வரிசை அப்போது ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீருக்கு மேல் நின்றது.

மேற்கு முகத்துக்கு வெயில் பிற்பகலில்தான் வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அங்கே உட்கார்ந்தேன். வெட்டிய கல்லின் நிறம் எனக்குப் புதிது. வெயிலும் மழையும் படாத உள்சதை அது. பாலில் ஒரு சொட்டு நீலம் கலந்த வெள்ளை. அதற்குள் ரோஜாப் பொடி தூவிய மாதிரி. ஒவ்வொரு பாதிக் குழாயிலும் ஒரு விளிம்பில் வெளிச்சம், மறு விளிம்பில் நிழல். வெறுப்போடுதான் வரைந்தேன். ஒவ்வொரு துளையையும் வைக்கும்போது இதிலிருந்து வந்த தூசு, இதிலிருந்து வந்த தூசு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வைத்தேன். மூன்று சின்னப் பலகைகள் ஆயின.

நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. மாடி அறையில் பெரிய கேன்வாஸை ஆரம்பித்தேன். தகரக் கூரையில் மழைச் சத்தம் காதை அடைத்தது. பலகைகளைப் பார்த்தால் என் கைக்கே வெட்கமாக இருந்தது: துளைகளில் பெரும்பாலானவை நேராக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. வெளியே காற்றில் உட்கார்ந்து அவசரத்தில் வரைந்த கோளாறு என்று நினைத்தேன். நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்கேல் வைத்து, கேன்வாஸில் ஒவ்வொரு துளையையும் தூக்குநூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். அற்புதமாக வந்தது. சொந்தப் படத்தைப் பார்த்து மூச்சு விட மறந்தேன் என்று சொன்னால் கூச்சம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது. முடிந்ததும் வழக்கம் போல மூன்று பலகைகளையும் சுரண்டிக் காவி பூசிவிட்டேன்.

ஈரம் காயவில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் படத்தைப் படுக்கவைத்து அவளிடம் கொண்டுபோனேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அது போய்விட்டது.

"எடம் அதுதான்," என்றாள். "தண்ணி, கல்லு, எல்லாம் அப்படியே இருக்குது. ஆனா இந்த வரிச வேற யாரோ போட்டதுக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவன்கூட வேல செஞ்சவரே வந்து காட்டுனாரு. மூணு வாரம் அந்த வெயில்ல உக்காந்து வரைஞ்சிருக்கறேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தெனம் சோறு எடுத்துக்கிட்டுப் போவேன்ல. அவுரு சாப்புடற வரைக்கும் அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." படத்தில் ஒரு துளையைக் காட்டிச் சொன்னாள்: "அவுரு போட்டது என்னிக்குக்கா நேரா நின்னுது?"

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாமி படம் மாட்டுவதற்காகத் தம்பி அடித்த இரண்டு ஆணிகள். இடது ஆணி ஒரு விரல் தாழ்ந்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் டப்பாக்கள் அடுக்கிய ஒரு பலகை. அதுவும் இடப்பக்கம் சரிந்திருந்தது. உருளும் டப்பாக்களுக்கு முட்டுக்கொடுக்க அவள் ஓரத்தில் ஒரு கல் வைத்திருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்து போகிறவள் நான். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியும் என்ற திமிரில் கூடத்தையே நிமிர்த்திவிட்டு வந்திருக்கிறேன். வெளியே உட்கார்ந்து வரைந்தபோது என் கை உள்ளதை உள்ளபடிதான் போட்டிருக்கிறது. மாடி அறையில்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் என்னால் நிமிர்த்த முடியாத ஒரு தோளை, ஸ்கேல் வைத்து நிமிர்த்தியிருக்கிறேன் என்பது அந்த ஆணிகளுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. உண்மையைப் போட்டிருந்த பலகைகளையும் என் கையாலேயே சுரண்டியாயிற்று.

"மறுபடியும் போறேன்," என்றேன்.

"மழ வந்துடுச்சேக்கா. தண்ணி ஏறியிருக்கும்."

"எவ்வளவு மிச்சம் இருக்குதோ அவ்வளவு போதும். நீயும் வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனோம். அவள் ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வானம் மூடியிருந்தது. மாந்தோப்புக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னிக்கி வேணாம் மேடம், பாறை வழுக்கும்" என்றார். வழுக்கும் என்ற சொல் என்னை ஒரு கணம் நிறுத்திவிட்டது. பிறகு ஏறினோம்.

தண்ணீர் ஏறித்தான் இருந்தது. ஆள் உயரம் நின்ற வரிசையில் முழங்கை நீளம்தான் வெளியே தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. இப்போது தெரிந்துகொண்டு பார்த்ததால் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முதல் துளை ஏறக்குறைய நேராக இருந்தது. இரண்டாவது லேசாகச் சாய்ந்தது. நான்காவது ஐந்தாவதில் கை ஓய்ந்து தோள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அவை எல்லாம் இடப்பக்கம் சரிந்து நின்றன. பிறகு ஒன்று மறுபடி நேராக இருந்தது. அங்கே நின்று ஓய்வெடுத்திருக்கிறான். மறுபடி சாய்வு. ஒரு நாள் முழுக்க அவன் நின்றதும் களைத்ததும் அந்தக் கல்லில் இருந்தது.

தூறல் விழ ஆரம்பித்தது. அவள் என் பலகைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புடவை நனைந்தது; குடையை நகர்த்தவில்லை. நான் ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கோடு போகிற போக்கில் போகட்டும் என்று வரைந்தேன். ஏழாவது துளையை வைத்துக்கொண்டிருந்தபோது, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன், பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சின்ன வயசுல அவன் வழுக்கி விழல. நான்தான் புடிச்சுத் தள்ளிட்டேன். அந்தத் தோளு என்னாலதான் அப்படி ஆச்சு."

அவள் குடையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"தெரியும்கா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னாரு. தோளு ஏன் எறங்கியிருக்குதுன்னு கேட்டேன். அக்கா தள்ளி உட்டுடுச்சு, உட்டுட்டு அதோட மொகமே செத்துப்போச்சு, அதப் பாக்க முடியாம வழுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்னாரு. அக்காகிட்ட இதப் பத்திக் கேட்டுடாத, இன்னமும் அதயே நெனச்சிக்கிட்டிருக்கும்னாரு."

நான் அழுதேன். தம்பி செத்த அன்று வந்தவர்களைக் கவனிக்கவும், ஆட்களுக்குச் சொல்லி அனுப்பவும் நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அன்று வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது. பெயின்ட் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் குடையைக் கொஞ்சம் இறக்கி, பலகையையும் என்னையும் சேர்த்துப் பிடித்தாள். அழுகை ஓய்ந்த பிறகு, "மிச்சம் நாலு ஓட்ட இருக்குதுக்கா" என்றாள். வரைந்தேன்.

முடிந்ததும் அவள் பக்கவாட்டில் இருந்த வெட்டுப் படி வழியாக வரிசையின் ஓரம்வரை இறங்கினாள். நான் கத்தினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு துளையில் கட்டைவிரலை ஊன்றி, அடுத்த துளையை நோக்கி விரல்களை விரித்தாள். எட்டவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு எழுந்து வந்தாள்.

"என் சாண் பத்தல," என்றாள்.

அதே வேனில் திரும்பக் கொண்டுவந்திருந்த பெரிய கேன்வாஸை மாடி அறையில் மறுபடி எடுத்தேன். வண்ணம் இன்னும் முழுசாக இறுகவில்லை. காயத் தாமதமாகிற எண்ணெய்க்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொன்னேன். நேராக நின்ற துளைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, சின்னப் பலகையைப் பார்த்து அவன் சாய்த்த மாதிரியே வைத்தேன். அந்தச் சின்னப் பலகையைச் சுரண்டவில்லை. அது இப்போதும் என் மேஜைக்கு மேல் இருக்கிறது.

கார்த்திகை பிறப்பதற்குள் வரிசை முழுகிவிட்டது. டீக்கடைக்காரர் போனில் சொன்னார். சொல்வதற்குள் இரண்டு தடவை இருமினார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன், போகணும்கா என்றார்.

மார்கழி முடியும்போது படம் தொடுகிற அளவுக்குக் காய்ந்தது. சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். தம்பி மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். சாமி படத்தை ஏற்கனவே வேறு சுவருக்கு மாற்றியிருந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி, தம்பி அடித்த அந்த இரண்டு ஆணிகளிலேயே படத்தை மாட்டினோம்.

மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தோம். அவள் ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டே போனாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாளா, அவனோடு பேசுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இடது ஆணி ஒரு விரல் தாழ்ந்திருந்ததால் படம் இடப்பக்கம் சரிந்து தொங்கியது. என்னை அறியாமல் என் வலது கை எழுந்து சட்டத்தின் மூலைக்குப் போனது.

"இருக்கட்டும்கா," என்றாள்.

கையை இறக்கிக்கொண்டேன். அவள் இலை போட்டாள். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.